வேலைக்கு முந்திய ஊசி

மண்டபம் என்ற பெயரை இன்றைய மலையகப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருந்தால் அகதி முகாமின் பெயராகவே கேள்விப்பட்டிருப்பார்கள். 1983க்குப் பின் கடல் கடந்தவர்களுக்கு அது அப்படித்தான். அதற்கு முன், 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டவர்கள் பலர் அக்கரையில் போய் முதலில் தங்கியதும் அங்கேதான். ஆனால் அந்த முகாம் அமைக்கப்பட்டது இந்த இரண்டுக்காகவும் அல்ல. 1917 முதல், இந்திய மண்ணில், இலங்கை அரசாங்கத்தின் நிர்வாகத்தில் இயங்கிய தொற்றுநோய்த் தடுப்பு முகாம் அது. தோட்டங்களுக்கு ஆள் கட்டிக்கொண்டு வரும் கங்காணி தன் ஆட்களுடன் அங்கே வந்து சேர்வார். பெயர் எழுதுவார்கள். துணிமணிகளைக் கிருமி நீக்கம் செய்வார்கள். கையில் அம்மை குத்துவார்கள். ஏறத்தாழ ஒரு வாரம் தடுத்து வைத்துப் பார்த்து, வைசூரியோ வாந்திபேதியோ பிளேக்கோ தலைகாட்டவில்லை என்று கண்ட பிறகே தனுஷ்கோடிக்கு ரயில். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1920களில் சில ஆண்டுகளில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான தோட்டத் தொழிலாளர் இவ்வழியே வந்திருக்கிறார்கள். லயத்துப் பழைய ஆட்களின் கையில் காசளவு தழும்பைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே உண்டு.

அம்மை குத்தப்பட்ட அந்த வேளையில் அந்த மனிதர் யார் என்பதே என் கேள்வி. அவர் இன்னும் தொழிலாளி அல்ல. எந்தத் தோட்டத்துச் செக்ரோலிலும் அவர் பெயர் இல்லை. ஒரு நாள் கூலியும் அவருக்கு எழுதப்படவில்லை. ஊரைவிட்டுக் கிளம்பியாயிற்று, தோட்டத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. இன்றைய சொல்லில் சொன்னால் அவர் விண்ணப்பதாரி. உடம்பில் நோய் தெரிந்தால் திருப்பி அனுப்பப்படக்கூடியவர். துரைக்கு அவர் மீது இன்னும் ஒரு கடமையும் பிறக்கவில்லை. ஆனால் அவருடைய உடம்பின் மீது துரையின் உரிமை பிறந்துவிட்டது.

அந்த ஊசி கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. வைசூரி ஒரு லயத்துக்குள் புகுந்தால் என்ன நடக்கும் என்பதை நமது முன்னோர் கண்டிருக்கிறார்கள். 1980இல் உலக சுகாதார நிறுவனம் அந்நோய் ஒழிந்துவிட்டது என்று அறிவித்ததற்குக் காரணம் இப்படிக் கோடிக்கணக்கான கைகளில் விழுந்த தழும்புகளே. கோப்பிக் காலத்தில், 1840களில், மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்தவர்கள் நோயிலும் பசியிலும் வழிநெடுக விழுந்து கிடந்தார்கள். (2023இல் மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் அந்த வழியைத்தான் நினைவுகூர்ந்தார்கள்.) அதனோடு ஒப்பிட்டால் மண்டபம் மனிதத்தன்மை உள்ள ஏற்பாடுதான். ஆயினும் அந்த ஊசி முதலில் யாரைக் காக்கக் குத்தப்பட்டது? தீவைக் காக்க, தோட்டத்தில் ஏற்கனவே வேலை செய்யும் ஆட்படையைக் காக்க. குத்திக்கொண்டவரும் அதனால் பிழைத்தார் என்பது உண்மை. ஆனால் அவர் பிழைக்க வேண்டும் என்பதற்காக அது ஏற்படுத்தப்படவில்லை.

இனி, இந்தச் செலவெல்லாம் யார் தலையில் விழுந்தது என்று பார்க்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர வில்லை முறை என்று ஒன்று வந்தது. தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டு கழுத்தில் தொங்கும். அதைக் காட்டினால் வழியில் எல்லாம் நடக்கும். கணக்குத் தோட்டத்துக்குப் போகும். தோட்டத்துக்குப் போன கணக்கு அங்கேயே நின்றுவிடவில்லை. கரையில் கொடுத்த முன்பணம், பயணச் செலவு, கங்காணி சேர்த்து எழுதியது எல்லாம் கடனாகி ஆளின் பெயரில் வந்து உட்கார்ந்தன. அந்தக் கடன் எழுதிய 'துண்டு' கையில் இல்லாமல் ஒருவன் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. வேலைக்குச் சேரும் முன்பே அவன் கடனாளி. 1921இல்தான் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1922இல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. இந்திய அரசாங்கம் நெருக்கியதால் 1923இல் இலங்கையில் இந்தியக் குடிவரவுத் தொழிலாளர் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அதன்படி எல்லாத் தோட்டங்களும் ஏக்கர் கணக்கில் பணம் செலுத்தும் ஒரு பொது நிதி உண்டாயிற்று. ஆள் சேர்க்கும் செலவும் பயணச் செலவும் அதிலிருந்து போயின. அவற்றை ஆளின் கடனாக எழுதக் கூடாது என்றாயிற்று.

துரைமார் இரக்கப்பட்டு இதற்கு இணங்கினார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். இணங்காவிட்டால் ஆள் வராது. எனினும் ஒரு விஷயம் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது: வேலைக்கு ஆளைத் தகுதியாக்குவதற்கு ஆகும் செலவு வேலை கொடுப்பவனின் செலவு.

இது நடந்து நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இப்போது நம்மூர்ப் பிள்ளைகளிடம் வருகிறேன்.

என்னிடம் படித்த ஒரு பையன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் சமையலறை உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்தான். பெயர் தேவையில்லை, அவனைப் போல் பலர் இருக்கிறார்கள். நேர்முகப் பரீட்சை முடிந்ததும் ஒரு தாளைக் கொடுத்தார்கள். மார்பு எக்ஸ்ரே, மலப் பரிசோதனை, நெருப்புக்காய்ச்சல் தடுப்பூசி; எல்லாவற்றையும் முடித்துச் சான்றிதழ்களுடன் வர வேண்டும். தாய் கொழுந்து எடுப்பவர். அவருடைய பல நாள் சம்பளம் தனியார் வைத்தியசாலைக்குப் போயிற்று. ஊசி போட்ட இரவு பையனுக்குக் காய்ச்சல், மறுநாள் சரியாகிவிட்டது. தாள்களை எடுத்துக்கொண்டு போனபோது இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். இரண்டு இடங்கள்தாம் இருந்தனவாம். அந்தத் தாளைப் பெற்றவர்களில் தனக்குத் தெரிந்தவர்கள் மட்டும் ஏழு பேர் என்று அவன் சொன்னான்.

இந்த ஏழைத்தான் நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அந்த நிர்வாகம் கொடியது என்று தோன்றவில்லை. சமையலறையில் நிற்பவனுக்கு நெருப்புக்காய்ச்சல் இருக்கக் கூடாது என்பதும் நியாயமே. ஆனால் ஊசிக்குத் தானே பணம் கட்ட வேண்டியிருந்தால் அந்த முகாமையாளர் ஏழு பேருக்குத் தாள் கொடுத்திருப்பாரா? முதலில் இரண்டு பேரைத் தெரிவு செய்திருப்பார்; அந்த இரண்டு பேரை அனுப்பியிருப்பார். பணம் யாருடையது என்பது ஊசிக்கும் தெரிவுக்கும் இடையிலான முறையையே மாற்றிவிடுகிறது. மற்றவன் பணத்தில் கேட்கும்போது எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். ஐந்து குடும்பங்களின் கூலி வீணானது அவருடைய எந்தக் கணக்கிலும் பதியப்படாது.

இதைப்பற்றி வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரிடம் பேசியபோது அவர் ஒரு நல்ல மறுப்பைச் சொன்னார். "சேர், ஊசி அவன்ட உடம்புலதானே இருக்கு. நாளைக்கு அவன் வேற இடத்துக்குப் போவான். நான் ஏன் கட்டணும்?" இந்த மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. நெருப்புக்காய்ச்சல் ஊசியின் காப்பு ஏறத்தாழ மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்தில் பையன் நாலு கடை மாறக்கூடும். ஆனால் என்னை ஆசிரியர் கலாசாலையில் பயிற்றியது அரசாங்கம். அந்தப் பயிற்சி என் தலையிலேயே இருக்கிறது. இடமாற்றம் பெற்றுப் போகும்போது பழைய பாடசாலை அதைத் திருப்பிக் கேட்பதில்லை. அத்துடன், உடம்பில் இருக்கிறது என்பதே என் பக்கத்து நியாயமும் ஆகும். வேலை கிடைக்காதவன் தொப்பியையும் ஏப்ரனையும் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஊசியை எப்படித் திருப்பிக் கொடுப்பான்? திருப்ப முடியாத ஒன்றை ஒருவனிடம் கேட்கும்போது, கேட்பவன் அதற்கு முன் தன் பக்கத்தில் எதையாவது உறுதி செய்திருக்க வேண்டாமா?

நண்பருக்கு நான் சொல்ல மறந்த இன்னொன்றும் உண்டு. ஊசி பையனைக் காக்கிறது என்பது பாதி உண்மை. சாப்பிட வருபவனைக் காக்கிறது. ஹோட்டலின் பெயரைக் காக்கிறது. வைத்தியசாலையில் இரத்தம் துடைக்கும் சிற்றூழியருக்கு ஹெபடைடிஸ் பி ஊசி என்றால் கணக்கு வேறு. அங்கே ஆபத்து வேலையிலிருந்து ஆளுக்கு வருகிறது. அமெரிக்காவில் 1991இல் வந்த விதி, இரத்தத்தோடு பழகும் வேலையில் சேர்ந்த ஒருவருக்குப் பத்து வேலை நாட்களுக்குள் அந்த ஊசியை இலவசமாக வழங்க முன்வருவதை முதலாளியின் கடமையாக்கியது. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் உரிமையும் வேலையாளுக்கு உண்டு. நல்ல விதி. ஆனால் அதுகூட வேலையில் சேர்ந்தவருக்கே. வாசலில் நிற்பவரைப் பற்றி அது பேசுவதில்லை. நமது நாட்டின் 1934ஆம் ஆண்டு வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் பெயருக்கேற்ப வேலையாளைப் பற்றியதே. வேலை கேட்டுப் போட்ட ஊசியால் ஒருவனுக்கு ஏதேனும் ஆகிவிட்டால் அவன் யாரிடம் போவான்? தொழிலாளர்களின் கையில் குத்திய ஊசிகளின் வரலாறு முழுவதிலும் இந்த வாசற்படியே இருளாகக் கிடக்கிறது.

வாசற்படியை வெளிப்படையாகப் பேசியது, நான் அறிந்தவரை, சர்வதேச தொழில் தாபனம் 2019இல் வெளியிட்ட வரைவிலக்கணம். ஆட்சேர்ப்புக் கட்டணமும் அதனோடு சேர்ந்த செலவுகளும் வேலையாளிடமோ வேலை தேடுபவரிடமோ அறவிடப்படக் கூடாது என்பது அத்தாபனத்தின் கொள்கை. அந்தச் செலவுகள் எவை என்று சொல்லும் இடத்தில் மருத்துவப் பரிசோதனையோடு தடுப்பூசியும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. 1923இல் துரைமாரின் சட்டம் மனமில்லாமல் ஒப்புக்கொண்டதை உலகம் 96 வருஷம் கழித்து மீண்டும் கண்டுபிடித்திருக்கிறது. அது இங்கே சட்டமாகக் கட்டுப்படுத்துவதில்லை; வழிகாட்டல் மட்டுமே.

ஹட்டனிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் வளைகுடாவுக்குப் போகும் பெண்களின் கதை இதைவிடச் சிக்கலானது. அந்நாடுகள் அங்கீகரித்த நிலையத்தில் மருத்துவச் சோதனை செய்தாக வேண்டும். தகுதியில்லை என்று வந்தால் கட்டிய பணம் போனதுதான். முன்பணம் கொடுத்து, செலவையும் தாமே செய்து அழைத்துப்போகும் முகவர்களும் உண்டு. ஆனால் போகிறவர் மனம் மாறினால் அத்தனையும் கடனாகித் திரும்பி வரும். பெயர்தான் மாறியிருக்கிறது, கரை முன்பணம் அப்படியே இருக்கிறது. 2021இல் கொரோனாக் காலத்தில் இன்னொன்றையும் பார்த்தோம். இலங்கையில் பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்தது சினோபார்ம். சவூதி அரேபியா முதலில் ஏற்றுக்கொண்ட பட்டியலில் அது இருக்கவில்லை. ஒரு மனிதனின் உடம்புக்கு எது போதும் என்பதை அவனுடைய வைத்தியர் அல்ல, அவன் போக விரும்பும் வேலை தீர்மானித்தது.

இதைவிட மோசமான ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். வளைகுடாவுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்பவர்களுக்கு இலங்கை முகவர்கள் புறப்படும் முன் கருத்தடை ஊசி போட வைக்கிறார்கள் என்று 2018இல் இங்கிலாந்தின் 'கார்டியன்' பத்திரிகை செய்தி வெளியிட்டது. நமது பக்கத்தில் 'மூணு மாத ஊசி' என்பார்களே, அதுதான். அது தடுப்பூசி அல்ல. எந்த நோயிலிருந்தும் எவரையும் காப்பதல்ல. முதலாளி வீட்டில் அந்தப் பெண்ணுக்கு என்ன நேர்ந்தாலும் வெளியில் தெரியாமல் காப்பது. இதை ஏன் இந்தப் பேச்சில் சேர்க்கிறேன் என்று சிலர் கேட்கலாம். வேலைக்காக ஊசி என்று ஒரு வழக்கம் வந்து, அதைக் கேட்பவன் எதற்கும் பொறுப்பில்லை என்றும் ஆகிவிட்டால், ஊசியில் என்ன இருக்கிறது என்று கேட்கும் தைரியம் கையை நீட்டுபவளுக்கு இராது. கேட்டால் வேலை போய்விடும். வேலையை இழக்க நேரும் என்ற பயத்தில் கொடுக்கும் சம்மதத்துக்குச் சம்மதம் என்ற பெயர் பொருந்துமா என்பது தத்துவ ஆசிரியர்கள் நெடுங்காலமாகப் பேசிவரும் விஷயம். மூன்று பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டுப் புறப்படும் ஒரு பெண்ணைக் கேட்டால் விடை சீக்கிரம் கிடைக்கும்.

அந்த வீடுகளின் எஜமானர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் நமது தீனைச் சேர்ந்தவர்கள். ஆகவே நமது நூல்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்பது நமக்குக் கடமையாகிறது. நான் ஆலிம் அல்ல; பிழை இருந்தால் உலமாக்கள் திருத்தட்டும்.

நோயுற்ற ஒட்டகங்களை உடையவர் அவற்றை ஆரோக்கியமான ஒட்டகங்களிடம் கொண்டுவரக் கூடாது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் ஒன்று புஹாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. தொற்றுநோய் பற்றிப் பேசும்போதெல்லாம் இதை எடுத்துக்காட்டுவோம். ஆனால் கட்டளை யாருக்கு என்பதை நாம் கவனிப்பதில்லை. உடையவருக்கே கட்டளை. கூட்டத்தை ஓட்டிச் செல்லும் அதிகாரம் யாரிடமோ அவரிடமே தடுக்கும் பொறுப்பும் வைக்கப்பட்டிருக்கிறது. மனிதன் ஒட்டகம் அல்ல, தன் நோய்க்குத் தானும் பொறுப்பாளி என்று ஒருவர் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். எனக்கு நெருப்புக்காய்ச்சல் என்று தெரிந்தும் நான் பரோட்டா போட்டால் பாவம் என்னுடையது. ஆனால் தெரியாத நோய்க்காக, இன்னும் கிடைக்காத வேலைக்காக, என் உடம்பை ஒருவர் தன் தொழிலுக்கு ஏற்றதாக்கக் கேட்கும்போது கூட்டத்தை ஓட்டுபவர் அவரே.

அடுத்தது, இலாபம் பொறுப்போடு சேர்ந்தது என்ற கருத்தில் ஆயிஷா (ரழி) அவர்கள் வழியாக வரும் ஹதீஸ். விலைக்கு வாங்கிய அடிமையின் உழைப்பு பற்றிய வழக்கில் சொல்லப்பட்டது அது. இழப்பு யாருடையதாக இருந்திருக்குமோ அவருக்கே பயனும் என்பது அதன் தீர்ப்பு. சட்ட அறிஞர்கள் இதை மறுபக்கமும் திருப்பிப் பார்த்தார்கள்: பயன் யாருக்கோ அவருக்கே சுமையும். உஸ்மானியர் 1869க்கும் 1876க்கும் இடையில் தொகுத்த மஜல்லாவில் 85ஆம், 87ஆம் விதிகளாக இரண்டும் அருகருகே நிற்கின்றன. ஒப்பந்தம் ஏற்படாதபோது கடமை எங்கிருந்து வந்தது என்று பிக்ஹ் படித்தவர் ஒருவர் என்னிடம் கேட்டார். இஜாரா ஏற்படவில்லைதான். ஆனால் ஊசி போட்டுக்கொண்டு வா என்று சொன்னது ஒரு வார்த்தை அல்லவா? அந்த வார்த்தையை நம்பி ஒருவர் பணத்தையும் உடம்பையும் கொடுத்திருக்கிறார். கடையில் சாமானைக் கையில் எடுத்துப் பார்ப்பதும் விலை பேசி வெட்டச் சொல்வதும் ஒன்றல்ல. துணியை வெட்டச் சொல்லிவிட்டு வேண்டாம் என்று போகிறவனை எந்தத் துணிக்கடைக்காரரும் சும்மா விடமாட்டார்.

இது வளைகுடாவோடு முடிகிற பேச்சும் அல்ல. ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை பஜார்களில் நமது ஆட்களின் ஹோட்டல்களும் பேக்கரிகளும் இருக்கின்றன. அவற்றில் வேலை செய்பவர்களில் தோட்டத்துப் பிள்ளைகள் கணிசமானோர். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருகிறார் என்றதும், மருத்துவச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வா என்று பையனை விரட்டும் கடைகளை நான் கண்டிருக்கிறேன். செலவு அவனுடையது, அல்லது சம்பளத்தில் கழிக்கப்படும். ரமழானில் ஏழைகளுக்கு மூட்டை மூட்டையாக அரிசி கொடுக்கும் கைகள்தாம் அவையும். ஸதகாவாகக் கொடுப்பதில் நமக்கு இருக்கும் தாராளம், கடனாகக் கொடுக்க வேண்டியதில் ஏன் இல்லை என்று எனக்கு விளங்கவில்லை. அந்தப் பையனின் ஊசிக்குப் பணம் கொடுப்பது தர்மம் அல்ல. அடுப்புக்கு விறகு வாங்குவது போன்ற கடைச் செலவு.

எங்கள் பக்கத்தில் ஹாஜியார் ஒருவர் சிறிய சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். அவருடைய முறை இது: முதலில் பையனைப் பார்த்துத் தெரிவு செய்வார். வேலை தருவதாகத் தகப்பன் அல்லது தாயின் முன்னால் சொல்வார். பிறகு ஒரு துண்டில் கடை முத்திரை குத்தி வைத்தியரிடம் அனுப்புவார்; பில் கடைக்கு வரும். ஊசி போட்ட அடுத்த நாள் காய்ச்சல் என்று படுத்தால் அந்த நாளுக்கும் சம்பளம் உண்டு. ஊசி வேண்டாம் என்கிறவனைச் சமையலில் விடமாட்டார். சாமான் இறக்கும் வேலையில் போடுவார். ஊசி போட்டுக்கொண்டு வேலைக்கு வராமல் போனவர்கள் உண்டா என்று கேட்டேன்.

"ரெண்டு பேர், சேர்," என்றார். "அதுல ஒருத்தன் இப்ப எதிர்க் கடையில ரொட்டி போடுறான். நேத்தும் இங்க வந்து டீ குடிச்சிட்டுப் போனான்."